எல்மைராவுக்கு வடக்கே ஒரு புத்தகக் கடை: குடும்ப ஜெபத்துக்கு வாங்கியவை

முதல் தடவை போனபோது கடை பூட்டியிருந்தது. கனடாவில் நாங்கள் இருக்கும் கிச்சனரிலிருந்து அரை மணி நேரம் வண்டி ஓட்டி, எல்மைரா தாண்டி, சோளம் இன்னும் விதைக்காத வயல்களுக்கு நடுவே ஒரு பண்ணை வீட்டை ஒட்டி மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்தும் புத்தகக் கடையைக் கண்டுபிடித்து இறங்கினால் கதவில் ஒரு அட்டை தொங்குகிறது. பரமேறுதல் திருநாள், கடை இல்லை. ஈஸ்டர் முடிந்து நாற்பதாம் நாள், வியாழக்கிழமை. பாளையங்கோட்டையில் பிறந்து சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்த எனக்கு இது மறந்து போயிருக்கிறது.

"நம்ம சபையில பரமேறுதலுக்கு ஆராதனை உண்டாப்பா?" என்று கேட்டாள் மகள்.

"உண்டும்மா. யாரும் போறதில்ல."

அங்கே தேடிப் போனதற்கும் காரணம் ஒரு ஏமாற்றம்தான். பதிமூன்று வயது மகளும் எட்டு வயது மகனும் உட்காரும் குடும்ப ஜெபத்தில் வேத வாசிப்புக்குப் பிறகு ஏதாவது ஒரு கதை படிப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஊரில் ஆச்சி மோட்சப் பிரயாணம் படிப்பார்கள். நடுநடுவே கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்திலிருந்து நாலு வரி ராகம் போட்டுப் பாடுவார்கள். அர்த்தம் பாதிதான் புரியும், ஆனால் ராகம் தூங்க விடாது. இங்கே வந்தபின் பிள்ளைகளுக்கென்று வாங்கிய கிறிஸ்தவக் கதைப் புத்தகங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. பையன் பொய் சொல்வான், மாட்டிக்கொள்வான், ஜெபம் பண்ணுவான், கடைசிப் பக்கத்தில் சைக்கிள் கிடைக்கும். வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பாட்டு மாதிரி கை தட்டிவிட்டு மறந்துவிடலாம். மகள் ஒருநாள் நேராகவே சொன்னாள்: "அப்பா, இதுல யாருக்குமே ஒண்ணும் ஆகாது."

வேலையிடத்தில் உடன் பணி செய்யும் மஹபூப்நகர்க்காரர் ஒருவர்தான் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்களின் கதைகளைத் தொகுத்த மார்ட்டர்ஸ் மிரர் என்ற புத்தகத்தைச் சொன்னார். அவர் மெனோனைட் பிரதரன் சபை. மெனோனைட் என்றால் கறுப்புத் தொப்பியும் குதிரை வண்டியும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். தெலங்கானாவில் அவர்களுக்குப் பெரிய சபை இருக்கிறது என்று அவர் சொல்லித்தான் தெரியும். இங்கே கிச்சனர் வட்டாரத்திலேயே குதிரை வண்டியில் போகிற மெனோனைட்டுகளும் உண்டு, என்னைப் போல டொயோட்டா ஓட்டி அலுவலகம் போகிறவர்களும் உண்டு. ஆமிஷ் என்பவர்கள் 1693 வாக்கில் யாக்கோப் அம்மான் என்பவரோடு பிரிந்து போன கிளை. இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் இரு தரப்பும் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள்.

சரி, இணையத்தில் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினேன். வந்தது பழைய பிரதியை ஸ்கேன் பண்ணி, எழுத்தை எந்திரமே கூட்டிப் படித்து அச்சடித்த சரக்கு. படம் ஒன்றுகூட இல்லை. பக்கத்தின் நடுவே தலைப்பு வருகிறது, பெயர்கள் பாதியில் உடைகின்றன. முதுகு வெறும் பசை. நாலாம் நாள் முப்பது பக்கம் கையோடு வந்தது. என் அப்பா பாளையங்கோட்டையில் அச்சகம் வைத்திருந்தவர். கம்போசிங் ஸ்டிக்கும் கையுமாக வளர்ந்தவன் நான். புத்தகத்தைக் கையில் எடுத்தால் முதலில் முதுகைத்தான் பார்ப்பேன். வாங்குகிறவர்கள் பதிப்பாளர் பெயர் பார்த்து வாங்குங்கள். மெனோனைட் பதிப்பகமான ஹெரால்ட் பிரஸ் போட்ட கெட்டி அட்டைப் பிரதிதான் சரியானது.

அடுத்த சனிக்கிழமை கடை திறந்திருந்தது. வெளியே குதிரை கட்ட ஒரு கம்பி, உள்ளே இரண்டே அறை. கடன் அட்டை வாங்குவதில்லை, காசு அல்லது செக். கல்லாவில் இருந்த பெண்மணி வீட்டு ஆட்களோடு பென்சில்வேனியா ஜெர்மன் பேசினார், எங்களோடு ஆங்கிலம். சுவரில் ஒரு அலமாரி முழுக்கப் பள்ளிப் பாடநூல்கள், ஒன்று முழுக்கச் சமையலும் தையலும், ஒன்று வேதாகமமும் பாட்டுப் புத்தகமும், மீதி கதைகள். மாயமந்திரக் கதை ஒன்றும் கிடையாது. பேசுகிற முயல்கூடக் கிடையாது. மகன் கொஞ்சம் முகம் வாடினான். அந்த அம்மாள் ஒரு மர நாற்காலியை இழுத்துப் போட்டு, "படித்துப் பார்த்து வாங்கலாம், அவசரமில்லை" என்றார். யாரும் பின்னாலேயே வந்து எதையும் விற்கப் பார்க்கவில்லை. நான் போன கடைகளிலேயே அமைதியான கடை இது. கழிப்பறை கிடையாது, அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மார்ட்டர்ஸ் மிரரை இரத்தசாட்சிகளின் கண்ணாடி என்று சொல்லலாம். ஆயிரத்து நூறு பக்கத்துக்கு மேல், இரட்டைப் பத்தி, பொடி எழுத்து. கிட்டத்தட்ட நம் வீட்டுக் குடும்ப வேதாகமத்தின் கனம். 1660இல் ஹாலந்தில் டோர்ட்ரெக்ட் ஊரின் மூப்பர் தீலமன் வான் பிராக்ட் டச்சு மொழியில் தொகுத்தது. இன்றும் கடைகளில் கிடைக்கும் ஆங்கிலம் 1886இல் ஜோசப் சோம் மொழிபெயர்த்தது. அதனால் நடை பழைய பவர் திருப்புதல் வேதாகமம் மாதிரி கனமாக இருக்கும். ஆமிஷ், மெனோனைட் வீடுகளில் இன்னும் கல்யாணப் பரிசாகக் கொடுக்கிறார்கள். கல்யாணத்துக்குக் குக்கர் கொடுக்கிற ஊர்க்காரன் எனக்கு அது விசித்திரமாகத்தான் பட்டது.

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பது? முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் தோற்றுப் போவீர்கள். நாங்கள் தோற்றோம். முதல் பாகம் நூற்றாண்டு நூற்றாண்டாக ஞானஸ்நானத்தைப் பற்றிய வாதமும் அந்தந்தக் காலத்து இரத்தசாட்சிகளும். மூன்றாம் நாள் மகன் என் மடியிலேயே தூங்கிவிட்டான். இரண்டாம் பாகத்துக்குப் போங்கள். 1524க்குப் பிறகு வருகிறவை. அங்கேதான் மனிதர்கள் வருகிறார்கள். தையல்காரர், நெசவாளி, வேலைக்காரப் பெண், அவர்கள் சிறையிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், விசாரணையில் கேட்ட கேள்விகள், சொன்ன பதில்கள்.

எங்கள் வீட்டில் முதலில் எடுபட்டது டிர்க் வில்லெம்ஸ். 1569, ஆஸ்பெரன் என்ற ஊர். பெரியவனான பிறகு மறுபடி ஞானஸ்நானம் பெற்றான், தன் வீட்டில் கூட்டம் நடத்தினான் என்பதே குற்றம். பிடித்து அடைத்து வைத்த இடத்திலிருந்து கந்தல் துணிகளை முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியே இறங்கி ஓடுகிறான். பின்னால் பிடிகாரன் துரத்துகிறான். எதிரே உறைந்த குளம். சிறைச் சாப்பாட்டில் எலும்பும் தோலுமாகிவிட்ட டிர்க்கைப் பனிக்கட்டி தாங்குகிறது. துரத்துகிறவனைத் தாங்கவில்லை. உடைந்து உள்ளே விழுகிறான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கி விடுகிறான்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மேசை மேல் திருப்பி வைத்துப் படத்தைக் காட்டினேன். 1685ஆம் வருஷத்து இரண்டாம் பதிப்புக்கு யான் லாய்க்கன் 104 செப்புத் தகடுகள் செதுக்கினார். அவற்றில் பலவற்றை ஹெரால்ட் பிரஸ் பிரதியில் போட்டிருக்கிறார்கள். டிர்க் பனியின் விளிம்பில் குனிந்து நிற்கிறான். இரண்டு கையும் முழுக்க நீண்டிருக்கின்றன. தண்ணீரில் கிடக்கிறவனும் கைகளை நீட்டுகிறான். அச்சுக்காரன் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்: கோடுகள் எல்லாம் அந்தக் கைகள் பக்கமாக ஓடுகின்றன, கண் வேறெங்கும் போகாது. பிளாக் கொஞ்சம் தேய்ந்த மாதிரிதான் அச்சாகியிருக்கிறது, கறுப்பு இடங்களில் மை அடைத்துக்கொள்கிறது. ஆனாலும் கைகள் தெளிவாக இருக்கின்றன.

"அப்புறம் விட்டுட்டானா?" என்றான் மகன். சைக்கிள் கிடைக்கும் என்று காத்திருந்தான்.

பிடிகாரனுக்கு விட்டுவிடத்தான் ஆசை. கரையில் நின்ற நகரத் தலைவர், "உன் சத்தியப் பிரமாணத்தை நினைத்துப் பார்" என்று கத்துகிறார். பிடிகாரன் தன்னைக் காப்பாற்றியவனைப் பிடித்துக் கொடுக்கிறான். மே 16ஆம் தேதி டிர்க்கை எரித்தார்கள். அன்று கிழக்கிலிருந்து பலமான காற்று. தீ மேல் உடம்பைத் தொடாமல் விலகிப் போக, சாவு நீண்டுகொண்டே போனது. "என் ஆண்டவரே, என் தேவனே" என்று எழுபது தடவைக்கு மேல் அவன் கூப்பிட்டது அடுத்த ஊரான லீர்டாம் வரை கேட்டதாக எழுதியிருக்கிறது.

மகன் ஒன்றும் பேசவில்லை. மனைவி என்னைப் பார்த்த பார்வையில், "ஏங்க, எட்டு வயசுப் பிள்ளைக்கு இதா?" என்பது இருந்தது. அவள் கேள்வி நியாயமானதுதான். அன்றிரவு எனக்கும் தூக்கம் வரவில்லை. ஆனால் மறுநாள் காலை பல் தேய்க்கும்போது மகன் கேட்டான்: "பனி உடையும்னு தெரிஞ்சும் ஏன் திரும்பி வந்தான்?" இத்தனை வருஷக் குடும்ப ஜெபத்தில் மறுநாள் காலை வரை நின்ற முதல் கேள்வி இது. என்னிடம் பதில் இல்லை. இல்லை என்றே சொன்னேன்.

எந்த வயதுக்கு எது என்பதைப் பெற்றோர்தான் முதலில் படித்துப் பார்த்து முடிவு பண்ண வேண்டும். டிர்க் கதையை எட்டு வயதுக்குச் சொல்லலாம், காற்று வீசுகிற பகுதியை விட்டுவிடலாம். நான் விட்டிருக்க வேண்டும். ஆண்ட்வெர்ப்பில் 1573இல் எரிக்கப்பட்ட மாய்கென் வென்ஸ் கதையை மகளிடம் மட்டும் தனியாகப் படித்தேன். கூட்டத்தில் அவர் ஒன்றும் பேசிவிடக் கூடாது என்று நாக்கைத் திருகால் இறுக்கிக் கொண்டு போனார்கள். பதினைந்து வயது மூத்த மகன் அத்ரியான் மூன்று வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெஞ்சின் மேல் நிற்கிறான், அம்மாவைக் கடைசியாகப் பார்க்க. பார்க்க முடியாமல் மயங்கி விழுகிறான். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு எழுந்து போய்ச் சாம்பலைக் கிளறி அந்தத் திருகைத் தேடி எடுத்து வைத்துக்கொள்கிறான். லாய்க்கன் செதுக்கியிருப்பது எரிகிற காட்சியை இல்லை. பிள்ளைகள் சாம்பலில் குனிந்து தேடுவதைத்தான். மகள் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையனுக்கு அவளை விட இரண்டு வயதுதான் கூட.

இந்தப் புத்தகம் இளம்பிள்ளைகளுக்காகவே அட்லாண்டிக்கைத் தாண்டியது என்பது பின்னால் தெரிந்தது. 1742இல் பென்சில்வேனியாவின் ஸ்கிப்பேக் பகுதி மெனோனைட்டுகள் ஆம்ஸ்டர்டாமுக்குக் கடிதம் எழுதினார்கள். யுத்தம் வரும் போலிருக்கிறது, எங்கள் பிள்ளைகளுக்கு டச்சு தெரியாது, இதை ஜெர்மனில் அச்சடித்துத் தர முடியுமா என்று. வருஷக்கணக்காகப் பதில் வரவில்லை. கடைசியில் எஃப்ராட்டா என்ற ஊரில் துறவிகள் போல வாழ்ந்த வேறொரு கூட்டத்தாரிடம் போனார்கள். பதினைந்து பேர் மூன்று வருஷம் உழைத்து, தங்கள் ஆலையிலேயே காகிதம் செய்து, மொழிபெயர்த்து, எழுத்துக் கோத்து, 1748இலும் 49இலுமாக 1,500 பக்கத்துக்கு மேல் அச்சடித்தார்கள். அந்தக் காலத்து அமெரிக்கக் குடியேற்றங்களில் அச்சான புத்தகங்களிலேயே பெரியது அது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அமெரிக்க விடுதலைப் போரின்போது பைண்ட் பண்ணாமல் கிடந்த ஃபாரங்களை, அதாவது அச்சடித்த தாள்களை, படைவீரர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், துப்பாக்கி மருந்து சுற்றும் காகிதத்துக்கு. கத்தி எடுக்கவே மாட்டோம் என்று செத்தவர்களின் கதை தோட்டாவாகப் போனது. அப்பா உயிரோடு இருந்தால் இதைக் கேட்டு ஒரு நாள் சாப்பிட்டிருக்க மாட்டார்.

எங்கள் வீட்டில் இதனால் ஒரு சங்கடமும் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். புத்தகத்தில் இருப்பவர்கள் செத்தது பெரும்பாலும் ஞானஸ்நான விஷயத்தில். 1525 ஜனவரி 21ஆம் தேதி சூரிக்கில் கொன்ராட் கிரேபெல் ஒரு வீட்டில் வைத்து கியோர்க் பிளவ்ராக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். குழந்தையில் ஊற்றிய தண்ணீர் செல்லாது, தானே விசுவாசித்துக் கேட்டால்தான் ஞானஸ்நானம் என்பது அவர்கள் துணிபு. இரண்டு வருஷத்துக்குள் அந்தக் கூட்டத்தில் இருந்த ஃபெலிக்ஸ் மான்ட்ஸை லிம்மாட் ஆற்றில் முக்கிக் கொன்றார்கள். கொன்றது கத்தோலிக்கர் இல்லை, நம்மைப் போன்ற புரொட்டஸ்டண்டுகள். நாங்களோ இரண்டு பிள்ளைகளுக்கும் மூன்றாம் மாதம் ஞானஸ்நானம் கொடுத்தவர்கள். மகளுக்கு அடுத்த வருஷம் திடப்படுத்தல், குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தைத் தானே உறுதி செய்யும் சடங்கு.

"அவங்க கணக்குப்படி நான் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கலையா?"

"அவங்க கணக்குப்படி இல்ல."

"அப்ப நானே கேக்கலாமா?"

இந்தக் கேள்வியைப் போதகரிடம் கொண்டு போய்க் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "திடப்படுத்தல் வகுப்புக்கு நீ ஒருத்தியாவது கேள்வியோட வர்றியே" என்றாராம். குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கிற சபையில் இருப்பவர்கள் இந்தப் புத்தகத்தை வாங்குமுன் இப்படி ஒரு கேள்வி வரும் என்று தெரிந்தே வாங்குங்கள். எனக்கு அது நல்லதாகவே பட்டது, மனைவிக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை.

இனி மகனுக்கு வாங்கியது. ஒன்டாரியோவின் எய்ல்மர் ஊரில் ஆமிஷ்காரர்கள் நடத்தும் பாத்வே பப்ளிஷர்ஸ் 1964இல் தொடங்கியது. அவர்கள் போடும் வாசிப்புப் பாடநூல்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை இருக்கின்றன. ஆமிஷ், பழைய முறை மெனோனைட் பள்ளிகளில் இவையே பாடம். ஒன்றாம் வகுப்புக்கு டேஸ் கோ பை, எட்டாம் வகுப்புக்கு அவர் ஹெரிடேஜ். கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படங்கள் மட்டும். நூல் தையல், கெட்டி அட்டை, மழமழப்பில்லாத காகிதம். எங்கள் வீட்டில் எட்டு மாதமாக அடிபடுகிறது, ஒரு ஃபாரம்கூட விலகவில்லை. இணையத்தில் வாங்கிய அந்தப் பசைப் புத்தகத்தின் மேல் இதை வைத்து மகனுக்குப் பைண்டிங் பாடமே எடுத்தேன். விலையும் அதிகமில்லை.

உள்ளடக்கம்? மாடு கறப்பது, பள்ளிக்கு நடந்து போவது, புதிதாக வந்த பிள்ளையைக் கேலி செய்வது, கூச்சம், பொறாமை, செய்யாமல் விட்ட வேலை. சத்தமே இல்லாத கதைகள். ஆசிரியர்கள் ஆமிஷ்காரர்கள், எழுதப்பட்டது அவர்கள் பிள்ளைகளுக்கு, அதை மறைப்பதும் இல்லை. சின்னத் தப்புக்கும் பெரிய மனஉளைச்சல் உண்டு, ஆனால் கடைசியில் சாமான் பரிசு கிடையாது. பெரும்பாலும் மன்னிப்புக் கேட்பதோடு நின்றுவிடும். மகன் முதல் வாரம் "போரடிக்குதுப்பா" என்றான். மூன்றாம் வாரம் அவனே எடுத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தான். வாக்கியங்கள் நாக்குக்கு ஏற்ற மாதிரி அமைந்திருப்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பள்ளியில் ஆங்கிலம் படிக்கத் திணறிய பிள்ளைக்கு இதனால் நிஜமாகவே உதவி கிடைத்தது.

குறை சொல்லவும் நிறைய இருக்கிறது. பெண் பிள்ளை சமையலறையில், ஆண் பிள்ளை களத்தில், இது எங்கும் மாறுவதில்லை. மகள் இரண்டு கதைக்கு மேல் தொடவில்லை. என் பிள்ளைகளைப் போன்ற முகம் ஒன்றுகூட இல்லை என்பதும் உண்மை. அவர்கள் ஊருக்கு அவர்கள் எழுதியது, நாம் எட்டிப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் இன்னொன்றை அவ்வளவு எளிதில் விட முடியவில்லை. அந்த அலமாரியில் இந்த வட்டாரக் குடியேற்றத்தைப் பற்றிய பிள்ளைகள் புத்தகங்களும் இருந்தன. பென்சில்வேனியாவிலிருந்து கூண்டு வண்டியில் வருகிறார்கள், காட்டை வெட்டுகிறார்கள், கர்த்தர் ஆசீர்வதிக்கிறார். புரட்டிப் பார்த்தவரை காடு யாருடையது என்ற பேச்சே இல்லை. கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறாறு மைல் நிலத்தை 1784இல் ஹால்டிமண்ட் ஆளுநர் ஆறு குல மக்கள் என்ற பூர்வகுடிகளுக்கு எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து கைமாறிய 60,000 ஏக்கரைத்தான் மெனோனைட்டுகள் 1805இல் வாங்கினார்கள். காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள், ஒப்புக்கொள்கிறேன். நான் இருக்கும் அபார்ட்மெண்டும் அதே நிலத்தில்தான். எதிரிக்குக் கை நீட்டியவன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிற சமூகம் இந்தக் கதையையும் சொல்ல வேண்டாமா? அந்தப் புத்தகங்களை நான் வாங்கவில்லை.

வாங்கியதில் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது ஒரு மெல்லிய கதைப் புத்தகம். ஸ்கிப்பேக் ஸ்கூல், மார்கரெட் டி ஏஞ்செலி 1939இல் எழுதி அவரே படமும் வரைந்தது. ஆசிரியர் மெனோனைட் இல்லை, ஆனால் ஹெரால்ட் பிரஸ் மறுபதிப்புப் போட்டிருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கிய குடும்பத்தில் ஈலாய் என்று ஒரு குறும்புக்காரப் பையன், அவனுக்கு வாத்தியாராகக் கிறிஸ்டோபர் டாக். பையன் கற்பனை, வாத்தியார் நிஜம். மேலே சொன்ன அதே ஸ்கிப்பேக்தான்.

டாக்கைப் பற்றித் தேடிப் படித்தபோது அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய பிரியம் வந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் ஸ்கிப்பேக்கில், மூன்று நாள் சால்ஃபோர்டில் பாடம் சொல்வார். ஒரு பள்ளிப் பிள்ளைகள் மறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதங்களை அவரே சுமந்துகொண்டு போய்க் கொடுப்பார். புதிதாக ஒரு பிள்ளை வந்தால் எல்லாரும் கை கொடுத்து வரவேற்க வேண்டும். பிறகு, இவனை யார் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேட்பார், ஒரு பிள்ளை பொறுப்பேற்கும். நன்றாகப் படித்தால் தன் கையால் ஒரு பூவோ பறவையோ வரைந்து தருவார். எழுத்துக்களைக் கற்று முடித்த பிள்ளைக்கு அப்பா ஒரு பென்னி கடன்பட்டவர், அம்மா இரண்டு முட்டை பொரித்துத் தர வேண்டும். பிரம்பெடுத்து அடித்தே பாடம் சொன்ன காலம் அது. இவர் பாடம் நடத்திய விதத்தை 1750இல் எழுதி வைத்தார், இருபது வருஷம் கழித்து 1770இல்தான் அச்சானது. அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம் வீடு திரும்பவில்லை. தேடிப் போனவர்கள் பள்ளிக்கூடத்தில் முழங்காலிட்டபடி இறந்து கிடந்தவரைக் கண்டார்கள். பிள்ளைகள் போன பிறகு ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபிப்பது அவர் வழக்கம்.

இதை மகனிடம் சொன்னதுதான் தாமதம். ஞாயிறு தமிழ் வகுப்பில் ஆறு மாதமாக "ஐ" வரை வந்து நின்றவன், "முட்டை தருவீங்களா?" என்றான். அடுத்த வாரம் அ முதல் ஃ வரை ஒரே மூச்சில் எழுதிக் காட்டினான். ஈ மட்டும் திரும்பி நின்றது. மனைவி இரண்டு முட்டையை உடைத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போடாமல், டாக் வாத்தியார் ஊர் மாதிரி உப்பு மட்டும் தூவிப் பொரித்துக் கொடுத்தாள். பென்னி இப்போது கனடாவில் அச்சடிப்பதே இல்லை, நான் ஒரு ஐந்து சென்ட் கொடுத்தேன். "உயிர்மெய்க்கு எத்தனை முட்டை?" என்று கேட்கிறான். இருநூற்றுப் பதினாறு எழுத்து. பேரம் நடந்துகொண்டிருக்கிறது.

நாலாவதாக மனைவிக்கென்று வாங்கியது மோர் வித் லெஸ் சமையல் புத்தகம். இது அந்தக் கடையில் இல்லை, கிச்சனரில் மெனோனைட் மத்தியக் குழு என்ற நிவாரண அமைப்பு நடத்தும் பழைய சாமான் கடையில் கம்பிச் சுருள் போட்ட ஒரு பழைய பிரதி கிடைத்தது. டோரிஸ் ஜான்சன் லாங்கேக்கர் தொகுத்து 1976இல் வந்தது. உலகில் உணவுத் தட்டுப்பாடு என்று அந்தக் குழு தன் மக்களைச் சாப்பாட்டுச் செலவில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கச் சொன்ன காலத்தில் பிறந்த யோசனை. பல நாடுகளில் ஊழியம் செய்து வந்தவர்கள் அனுப்பிய பக்குவங்கள். இறைச்சியைக் குறை, பயறைக் கூட்டு என்பதுதான் சாரம். மனைவி பருப்புப் பகுதியைப் புரட்டிவிட்டு, "இதைச் சொல்ல ஒரு புத்தகமா? எங்கம்மா தினமும் செஞ்சது" என்று மூடிவிட்டாள். எனக்கு அதில் சமையலை விட முன்னுரைப் பக்கங்கள் பிடித்தன. நாம் சாப்பிடுகிற அளவுக்கும் வேறொருவர் பட்டினிக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒரு சமையல் புத்தகம் பேசுவது புதிதாக இருந்தது. தமிழ் வீட்டுக்கு அவசியம் என்று சொல்ல மாட்டேன். கல்லூரிக்குப் போய்த் தனியாகச் சமைக்கப் போகிற பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

வாங்க நினைப்பவர்களுக்கு: சின்னப் பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீடு என்றால் பாத்வே ஒன்றிரண்டு வகுப்புப் புத்தகங்களும் ஸ்கிப்பேக் ஸ்கூலும் போதும். பதிமூன்று, பதினாலு தாண்டியவர்கள் இருந்தால் மார்ட்டர்ஸ் மிரர் வாங்கலாம். ஒரு நாளைக்கு ஒரு ஆள், அதற்கு மேல் வேண்டாம். சிறைக் கடிதங்கள் ஒன்று போலவே இருக்கும், ஆனால் பிள்ளைகளுக்கு எழுதியவை தனி ரகம். அவற்றை அம்மாக்கள் உரக்கப் படிக்க வேண்டும் என்பது என் யோசனை. எங்கள் வீட்டில் மனைவி ஒன்று படித்தாள், பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் முடித்தாள்.

டிர்க் கதையில் மகள் இன்னும் ஒரு கேள்வியை விடவில்லை: பிடிகாரன் பிறகு என்ன ஆனான்? புத்தகத்தில் தேடினோம். டிர்க்கின் தண்டனைத் தீர்ப்பை முழுசாகப் போட்டிருக்கிறார்கள், பிடிகாரன் பெயர்கூட அதில் இல்லை. கடைக்கார அம்மாளிடம் கேட்டுப் பார்க்கலாம் என்கிறாள். அவரும் சின்ன வயதில் இதைத்தானே படித்திருப்பார். மகனுக்கு இரண்டாம் வகுப்புப் புத்தகம் முடிந்துவிட்டது, அடுத்ததையும் வாங்க வேண்டும். வருகிற வியாழக்கிழமை போகிறோம். காலண்டரை மூன்று தடவை பார்த்தாயிற்று.